ஜேன் அம்மாள் தட்டிய கதவு

நாளைக்கு இருபது மைல் வீதம் நடந்தால் எண்ணூறு மைலைக் கடக்க எத்தனை நாள் ஆகும்? நாற்பது நாள். கணக்கு என்னவோ சுலபந்தான். ஆனால் செருப்புத் தேய்ந்து, பாதம் வெடித்து, நடந்த வழியெல்லாம் ரத்தச் சுவடு பதிய நடந்தவர்களைக் கேட்டால்தான் அந்தத் தூரம் எவ்வளவு என்பது தெரியும். 1843-ஆம் வருஷம் அமெரிக்காவில் ஜேன் மானிங் என்ற கறுப்பினப் பெண்மணி தம் தாயாரோடும் உடன்பிறந்தவர்களோடும் அப்படித்தான் நடந்தார்.

கனெக்டிகட் மாகாணத்திலிருந்து புறப்பட்ட அந்தக் குடும்பம் பஃபலோ நகரம் வந்து சேர்ந்ததும், மேற்கொண்டு போக வேண்டிய படகில் அவர்களை ஏற்ற மறுத்துவிட்டார்கள். கூட வந்த வெள்ளைக்காரர்கள் படகிலே போனார்கள். ஜேன் குடும்பத்தார் இல்லினாய் மாகாணத்திலுள்ள நாவூ என்ற ஊருக்குக் கால்நடையாகவே போனார்கள்.

அப்படி என்ன அவசரம், அந்த ஊரில் என்ன வைத்திருந்தது என்று கேட்கிறீர்களா? அங்கேதான் ஜோசப் ஸ்மித் இருந்தார். 1830-ல் நியூயார்க் மாகாணத்தில் புதிதாக ஒரு கிறிஸ்தவ சபையை ஆரம்பித்தவர். அந்தச் சபைக்குப் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்று பெயர். பெயர் நீளமாக இருந்ததாலோ என்னவோ, உலகம் அவர்களை 'மார்மன்கள்' என்று சுருக்கமாக அழைத்தது. இன்றைக்கு அந்தச் சபையின் சொந்தக் கணக்குப்படி உலகமெங்கும் ஒரு கோடியே எழுபது லட்சம் பேருக்கு மேல் அதன் அங்கத்தினர்கள்.

ஜோசப் ஸ்மித் ஜேனை அன்போடு வரவேற்றார். தம் வீட்டிலேயே வேலையும் கொடுத்தார். துணி வெளுப்பதும் இஸ்திரி போடுவதும் ஜேனின் பொறுப்பு. ஒரு நாள் ஸ்மித்தின் மனைவி எம்மா, "எங்களுக்குச் சுவீகாரப் பெண்ணாக வந்துவிடுகிறாயா?" என்ற பொருளில் கேட்டாராம். அந்தச் சடங்கு என்ன, அதன் மகிமை என்ன என்பது அப்போது ஜேனுக்கு விளங்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு சொல்லைப் பிறகு வாழ்நாள் முழுவதும் அவர் நினைத்து நினைத்து வருந்த வேண்டியிருந்தது.

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்திவிட்டு, மார்மன்களின் நம்பிக்கையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

ஆசாரியத்துவம் என்று சொன்னதும் நமக்கு அங்கி தரித்த பாதிரியார்தான் ஞாபகத்துக்கு வருவார். மார்மன் ஊர்ச் சபைகளில் சம்பளம் வாங்கும் பாதிரிமார் என்று ஒரு தனி வகுப்பு கிடையாது. பன்னிரண்டு வயசுவாக்கில் பையன்களுக்கு முதல் படி ஆசாரியத்துவம் கிடைக்கிறது. வயது வந்த ஆண்களுக்கு அடுத்த படி. தம் குழந்தைக்குத் தாமே ஞானஸ்நானம் கொடுக்கலாம். நோயாளியின் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கலாம். இது தவிர, ஆலயத்தில் நடக்கும் சில விசேஷச் சடங்குகள் உண்டு. அங்கே முத்திரையிடப்பட்ட கணவன், மனைவி, மக்கள் மரணத்துக்குப் பிறகும் பிரிவதில்லை, மறு உலகத்திலும் ஒரே குடும்பமாக இருப்பார்கள் என்பது அவர்களுடைய நம்பிக்கை.

இப்போது யோசித்துப் பாருங்கள். 'உனக்கு ஆசாரியத்துவம் இல்லை, ஆலயச் சடங்கும் இல்லை' என்று ஒரு மார்மனிடம் சொன்னால், ஏதோ ஒரு பதவியை மறுத்ததாக ஆகுமா? அவனை அவன் பெண்டாட்டி பிள்ளைகளிடமிருந்தே என்றென்றைக்கும் பிரித்ததாக ஆகும். 126 வருஷ காலம் ஆப்பிரிக்க வம்சத்தாருக்கு அந்தச் சபை சொன்ன பதில் இதுதான். ஆண்களுக்கு ஆசாரியத்துவம் இல்லை. ஆணானாலும் பெண்ணானாலும் ஆலயத்தின் உயர்ந்த சடங்குகள் இல்லை.

ஆரம்பத்திலிருந்தே இப்படித்தானா என்றால், இல்லை! எலைஜா ஏபிள் என்ற கறுப்பினத் தச்சர் 1836-லேயே ஆசாரியத்துவம் பெற்றார். அப்போது ஜோசப் ஸ்மித் உயிரோடு இருந்தார். லோவல் நகரத்தில் முடிதிருத்தும் தொழில் செய்துவந்த வாக்கர் லூயிஸ் என்ற கறுப்பினத்தவரும் ஆசாரியத்துவம் பெற்றவர். ஸ்மித்துக்குப் பிறகு தலைமைக்கு வந்த பிரிகாம் யங், 1847 மார்ச்சில் இந்த லூயிஸைச் சபையின் சிறந்த மூப்பர்களில் ஒருவர் என்று புகழ்ந்தே பேசியிருக்கிறார்.

ஐந்தே வருஷத்தில் அதே வாய் வேறு விதமாகப் பேசியது. 1844-ல் ஜோசப் ஸ்மித்தை ஒரு கும்பல் சுட்டுக் கொன்றுவிட்டது. மார்மன்கள் மேற்கே போய் யூட்டா பாலைநிலத்தில் குடியேறினார்கள். அங்கே பிரிகாம் யங்தான் சபைக்குத் தலைவர்; பிரதேசத்துக்குக் கவர்னரும் அவரே. 1852 பிப்ரவரியில் சட்டசபையில் பேசும்போது, ஆப்பிரிக்க வம்சத்தாருக்கு ஆசாரியத்துவம் கிடையாது என்று அறிவித்தார். அதே கூட்டத் தொடரில், யூட்டாவில் அடிமைகளை வைத்துக்கொள்ள இடம் கொடுக்கும் சட்டமும் நிறைவேறியது. இரண்டும் ஒரே சமயத்தில் நடந்ததைக் கவனியுங்கள்!

காரணம் என்ன சொன்னார்கள்? ஆபேலைக் கொன்ற காயீனின் சாபம் என்றார்கள். அமெரிக்காவில் அடிமை வியாபாரத்துக்கு நியாயம் கற்பிக்க வெகு காலமாக வழங்கிவந்த பழைய கதைதான் அது. மார்மன்கள் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆதாமின் மீறுதலுக்காக அல்ல, அவரவர் செய்த பாவத்துக்காகவே மனிதர் தண்டிக்கப்படுவர் என்பது மார்மன் விசுவாசப் பிரமாணங்களில் இரண்டாவது. முதல் தகப்பன் செய்த குற்றம் பிள்ளைகளைத் தொடராதாம். காயீன் செய்த குற்றம் மாத்திரம் தொடருமாம்!

இந்த முரண்பாடு உறுத்தியிருக்க வேண்டும். பிற்பாடு இன்னொரு விளக்கம் தோன்றியது. பூமியில் பிறப்பதற்கு முன்னால் ஆவி உலகத்தில் இவர்கள் போதிய உறுதியோடு நடந்துகொள்ளவில்லை, அதனால்தான் இப்படிப் பிறந்தார்கள் என்றார்கள். பிறப்பதற்கு முன் நடந்ததற்கு யார் சாட்சி சொல்ல முடியும்? குற்றம் சாட்டுவது சுலபம், மறுப்பதற்குத்தான் வழியில்லை.

ஜேன் அம்மாளிடம் திரும்புவோம். ஐசக் ஜேம்ஸ் என்பவரை மணந்துகொண்டு, 1847-லேயே அவர் யூட்டாவுக்கு வந்துவிட்டார். 1849-ல் ஊரில் கடுமையான உணவுத் தட்டுப்பாடு. எலைஸா லைமன் என்ற வெள்ளைக்கார மாது வீட்டில் மாவே இல்லை. ஜேன் அம்மாள் அவளுக்கு இரண்டு ராத்தல் மாவு கொடுத்தார். கையிலிருந்ததே நாலு ராத்தல்தான், அதில் சரிபாதியைக் கொடுத்தாள் என்று அந்த மாது தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறாள்.

அப்பேர்ப்பட்டவர் வயதான காலத்தில் சபைத் தலைவர்களுக்கு மனுவின் மேல் மனுவாக அனுப்பினார். தமக்கும் ஆலயச் சடங்கு வேண்டும். எம்மா அன்று அழைத்தபடி ஸ்மித்தின் மகளாகத் தம்மை முத்திரையிட வேண்டும். இவைதாம் கோரிக்கைகள். பல வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியாக 1894-ல் தலைவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மகளாக அல்ல, ஸ்மித் குடும்பத்துக்கு நித்திய ஊழியக்காரியாக முத்திரையிட்டார்கள்! அந்தச் சடங்குக்குக்கூட அவரை ஆலயத்துக்குள் விடவில்லை. அவருக்குப் பதிலாக ஒரு வெள்ளைக்கார மாது நின்றாள். ஜேன் அம்மாளுக்கு அதில் திருப்தி ஏற்படவில்லை. மறுபடியும் மனுச் செய்தார்.

எலைஜா ஏபிளின் கதையும் இதுதான். ஆலயம் கட்டும் வேலையில் உழைத்தவர். அந்த ஆலயத்தின் உயர்ந்த சடங்குகளைக் கேட்டபோது கிடைக்கவில்லை. 1879-ல் அவருடைய ஆசாரியத்துவம் செல்லுமா என்று விசாரணை வந்தது. அவரிடம் முறையான அத்தாட்சிப் பத்திரங்கள் இருக்கின்றன என்று ஜோசப் எஃப். ஸ்மித் என்ற தலைவரே சொன்னார். இவர் முதல் ஸ்மித்தின் அண்ணன் மகன். 1884-ல் ஏபிள் இறந்தார். 1908-ல் அதே ஜோசப் எஃப். ஸ்மித், ஏபிளுக்குக் கொடுத்த பட்டத்தை ஆதி ஸ்மித்தே ரத்துச் செய்துவிட்டார் என்று பேசினார்! அதே 1908-ல்தான் ஜேன் அம்மாளும் காலமானார். அவருடைய இறுதிச் சடங்கில் எழுந்து புகழுரை கூறியவரும் இவரேதான்.

இப்படித்தான் ஒரு மனிதரின் ஏற்பாடு மெள்ள மெள்ளத் தெய்வக் கட்டளையாக மாறியது. அறிந்தவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். பின்னால் வந்தவர்கள் 'ஆதியிலிருந்தே இப்படித்தான்' என்று நம்பினார்கள். 1949-ல் சபையின் தலைமைக் குழு, இது ஆண்டவனின் நேரடிக் கட்டளை என்றே எழுதிக் கொடுத்துவிட்டது.

ஆனால் உலகம் பெரிது அல்லவா? தென்னாப்பிரிக்காவில் வெள்ளைக்கார மார்மன்களே தங்கள் வம்சாவளியை ஆப்பிரிக்காவுக்கு வெளியே கொண்டுபோய் நிரூபிக்க வேண்டியிருந்தது. 1954-ல் அந்த விதியைத் தளர்த்தினார்கள். ஃபிஜித் தீவினரின் நிறம் கறுப்பு. ஆனால் அவர்கள் ஆப்பிரிக்க வம்சம் அல்லவென்று அனுமதித்தார்கள். பிரேசிலில் பல இனங்கள் கலந்துவிட்டதால் யார் எந்த வம்சம் என்று சொல்லவே முடியவில்லை. அந்த நாட்டில், ஸாவோ பாலோ நகரில், 1975-ல் ஓர் ஆலயம் கட்டப்போவதாக அறிவித்தார்கள். ஹெல்வேசியோ மார்ட்டின்ஸ் என்ற கறுப்பின அங்கத்தினர் அதன் விளம்பர வேலைகளில் பங்கெடுத்துக்கொண்டார். கட்டி முடிந்தால் தமக்கு அங்கே சடங்கு கிடையாது என்று தெரிந்தே உழைத்தார்!

இதற்கிடையே 1973-ல் லெஸ்டர் புஷ் என்ற மார்மன் டாக்டர், பழைய தஸ்தாவேஜுகளையெல்லாம் புரட்டி நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். இந்தத் தடை ஆதி ஸ்மித் காலத்தில் பிறந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அதில் காட்டினார். 

1978 ஜூன் 1-ம் தேதி, சபைத் தலைவர் ஸ்பென்சர் கிம்பல் தம் சகாக்களோடு சால்ட் லேக் நகர ஆலயத்தில் பிரார்த்தனை செய்தார். ஜூன் 9-ம் தேதி அறிவிப்பு வெளியாயிற்று. தகுதியுள்ள ஆண்கள் எல்லோருக்கும், இனமோ நிறமோ பாராமல், ஆசாரியத்துவம் உண்டு. இரண்டு நாள் கழித்து ஜோசப் ஃப்ரீமன் என்ற கறுப்பினத்தவர் மூப்பராக நியமனம் பெற்றார். அதே மாதத்தில் அவரும் மனைவியும் பிள்ளைகளும் ஒரே குடும்பமாக முத்திரையிடப்பட்டார்கள். மார்ட்டின்ஸ் 1990-ல் சபையின் உயர் அதிகாரிகளில் ஒருவரானார்.

2013-ல் சபை வெளியிட்ட ஒரு கட்டுரை, சாபக் கதையையும் முன்பிறவிக் கதையையும் தனக்குச் சம்மதமில்லை என்று பகிரங்கமாகக் கைவிட்டது. தடையின் தொடக்கத்தை 1852-லும் பிரிகாம் யங்கிடத்திலும் கொண்டுபோய் வைத்தது. நல்ல காரியந்தான். ஆனால் அந்தக் கட்டுரையில் மன்னிப்புக் கேட்கும் வார்த்தை ஒன்றைக்கூடக் காணோம்.

தடையை நீக்கியவர்களைப் பாராட்ட வேண்டியதுதான். பிழையை எழுத்தில் வைக்கவும் தைரியம் வேண்டும். ஆனால் எனக்கு நெஞ்சில் நிற்பது வேறு. 1979-ல், ஜேன் அம்மாளின் பெயரால் இன்னொருவர் நின்று ஆலயச் சடங்கை நிறைவேற்றினார்கள். அவர் இறந்து 71 வருஷம் ஆகியிருந்தது. உயிரோடு இருந்தபோது, அவர் கேட்டதைக் கொடுப்பதற்கு யாருக்கு என்ன செலவாகியிருக்கும்? இரண்டு ராத்தல் மாவுகூடச் செலவாகியிராது.

'தெய்வத்தின் கட்டளை' என்று சொல்லி யாராவது ஒரு கதவைச் சாத்தினால், அதை முதல் முதலில் சாத்தியவர் யார், எந்த வருஷத்தில் சாத்தினார் என்று விசாரித்துப் பாருங்கள், நேயர்களே. அநேகமாக ஒரு மனிதரின் பெயர் அகப்படும்.