உறங்குமுன் ஒரு நற்சொல்

காலை முதற்பாடத்திலேயே மேசையில் தலை சாய்த்து உறங்கும் மாணவர்களை நாம் காண்கிறோம். சோம்பேறிகள் என்று அவர்களை எளிதில் கடிந்துவிடுகிறோம். முந்திய இரவு அவர்கள் எத்தகைய மனநிலையில் படுக்கச் சென்றனர் என்பதை எண்ணிப் பார்க்கிறோமா?

ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாள்தோறும் 9 முதல் 12 மணி நேர உறக்கம் தேவை என்பர் மருத்துவ வல்லுநர். காலை ஆறு மணிக்கு எழும் பிள்ளை, இரவு ஒன்பது மணிக்குள் உறங்கியாக வேண்டும். ஆனால், பல இல்லங்களில் அந்த ஒன்பது மணியே கண்டிப்பின் நேரமாக இருக்கிறது. தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் உழைத்துக் களைத்த பெற்றோர்க்குப் பிள்ளையின் புத்தகப் பையைத் திறக்க அப்பொழுதுதான் நேரம் கிடைக்கிறது. குறைந்த மதிப்பெண் கண்ணில் படுகிறது. "நீ எதற்கும் உதவமாட்டாய்" என்ற சொல் வாயில் வந்துவிடுகிறது. களைப்பால் பெற்றோர் உறங்கிவிடுவர். பிள்ளையோ அச்சொல்லை நினைந்து விழித்திருக்கும். அம்மதிப்பெண்ணைச் சிவப்பு மையால் எழுதி அனுப்பியவர்கள் ஆசிரியர்களாகிய நாமே. இப்பிழையில் நமக்கும் பங்குண்டு.

தொட்டிலில் கிடந்த நாளில் அப்பிள்ளைக்குத் தாலாட்டு இருந்தது. பள்ளிக்கு வந்த பின்னரும் உறங்குமுன் ஒரு நற்சொல் அதற்குத் தேவையே.

நற்சொல் என்பது வெற்றுப் புகழ்ச்சியன்று. தம்மைத் தாழ்வாக எண்ணுவோர், தம்மால் நம்ப முடியாத புகழ்மொழியைத் தமக்குத் தாமே கூறிக்கொண்டபொழுது மேலும் மனம் சோர்ந்தனர் என 2009ஆம் ஆண்டில் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். எனவே, "நான் மேதை" என்று நூறு முறை சொல்வதைவிட, "இன்று ஏழாம் வாய்ப்பாட்டைப் பிழையின்றிச் சொன்னேன், தம்பிக்குச் சோறு ஊட்டினேன்" என்று ஒரு முறை சொல்வதே மேல். சொல் சிறிதாயினும் உண்மையாக இருத்தல் வேண்டும்.

நாளைய கவலையையும் இறக்கி வைக்கலாம். மறுநாள் செய்ய வேண்டியவற்றை ஐந்து நிமிடம் எழுதிவிட்டுப் படுத்த இளைஞர்கள், முடித்த பணிகளை எழுதியோரைவிட விரைவாக உறங்கினர் என்பது அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் நடந்து, 2018இல் வெளிவந்த ஆய்வின் முடிவு.

இனி, எதிர்காலக் கனவு. மருத்துவராகு, வழக்கறிஞராகு என்று நம் நிறைவேறாத ஆசைகளைப் பிள்ளையின் தலையணையில் வைத்தல் தகாது. "நீ என்னவாக விரும்புகிறாய்?" என்று கேட்போம். "லாரி ஓட்டுவேன்" என்றாலும் நகையாது கேட்போம். தன் கனவுக்குச் செவிசாய்க்க ஒருவர் உண்டு என்று அறிந்த பிள்ளை அச்சமின்றிக் கண்மூடும்.

கண்டிப்பே வேண்டா என்று நாம் கூறவில்லை. அதனைப் பகற்பொழுதுக்கு வைத்துக்கொள்வோம். இரவின் இறுதிச் சொல் அன்புச் சொல்லாக இருக்கட்டும். இதற்குப் பொருட்செலவு இல்லை. ஐந்து நிமிடம் போதும். பெற்றோர்களே, இன்றிரவே தொடங்குவோம்!