டிரேடிங் வகுப்பு மன்னர் கல்லூரியில் நடக்கட்டும்



புதுக்கோட்டை, அறந்தாங்கி இளைஞர்களுக்குப் பங்குச் சந்தை டிரேடிங் கற்கும் ஆர்வம் இருக்கிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எடுத்த எடுப்பிலேயே, குறித்த விலையில் பங்கை வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஆப்ஷன் வர்த்தகத்தில் இறங்குவதுதான் கவலை தருகிறது. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, முந்தைய 3 நிதியாண்டுகளில் பங்குச் சந்தை ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நட்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். வாங்கிய ஆப்ஷன், பங்கு விலை அசையாமல் நின்றாலும் நாளுக்கு நாள் மதிப்பிழக்கும். தரகும் பரிவர்த்தனை வரியும் நட்டப்பட்டவருக்கும் உண்டு. கட்டணம் வாங்கிக் கற்றுத் தருபவர்களில் எத்தனை பேர் இதை முதல் நாளே சொல்கிறார்கள்?

பாடம் மட்டும் நடத்துவோர் கடைசி 3 மாத விலைத் தரவைக் காட்டிப் பங்குகளைப் பற்றிப் பேசக்கூடாது என 2025 ஜனவரியில் செபி தெளிவுபடுத்தியது. இன்றைய விலையைக் காட்டி ‘இதை வாங்கு’ என்பவரிடம் செபி பதிவு எண்ணைக் கேளுங்கள். செபி இணையதளத்தில் அதைச் சரிபார்க்கலாம்.

புதுக்கோட்டை மன்னர் கல்லூரி வணிகவியல் துறை, இருப்புநிலைக் குறிப்பைப் படிப்பதில் தொடங்கி, ஊர் இளைஞர்களுக்கும் திறந்த மாலை வகுப்பு நடத்தினால் நல்லது. மாவட்ட நிர்வாகம் இதற்கு உதவ வேண்டும்.

- ஒரு வாசகர், ஆலங்குடி