பி.ஏ.வின் ரப்பர் ஸ்டாம்ப்

கம்ப்யூட்டரில் 'டிரைவர்' என்றால் காக்கிச் சட்டை ஆசாமி இல்லை. பிரிண்டர், மவுஸ் போன்ற சமாசாரங்களோடு விண்டோஸ் பேசுவதற்கு நடுவில் நிற்கிற சின்ன ப்ரோக்ராம். ஆபீசில் எம்.டி. ரூம் வாசலில் உட்கார்ந்திருப்பாரே பி.ஏ., அந்த மாதிரி. எம்.டி. ரூம்தான் கெர்னல். நாமெல்லாம் ஹாலில். ப்ராசஸரே இப்படி அந்தஸ்து பிரித்து வைத்திருக்கிறது: கெர்னலுக்கு ரிங் 0, சாதாரண ப்ரோக்ராம்களுக்கு ரிங் 3.

பி.ஏ. அசடாக இருந்தால், ஹாலுக்குள் எப்படியோ நுழைந்துவிட்ட ஒரு ஆள் எம்.டி. நாற்காலியில் உட்கார்ந்துவிடலாம்.

2016 செப்டம்பரில் ஜப்பானின் காப்காம் கம்பெனி, 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5' விளையாட்டுக்கு ஒரு அப்டேட் அனுப்பியது. கள்ளாட்டம் ஆடுகிறவர்களைத் தடுக்க 'காப்காம்.சிஸ்' என்று ஒரு டிரைவர். நல்ல எண்ணம்தான். ஆனால் எந்த ப்ரோக்ராம் வேண்டுமானாலும் 'இந்த முகவரியில் இருப்பதை ஓட்டு' என்று அதனிடம் சீட்டு நீட்டலாம். படித்துக்கூடப் பார்க்காமல் ரிங் 0 அதிகாரத்தில் ஓட்டிவிடும்!

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இனிமேல்தான். இன்டெல் ப்ராசஸர்களில் 'ஸ்மெப்' என்று ஒரு காவல் உண்டு. ஹாலில் கிடக்கிற கோடை கெர்னல் ஓட்டப் போனால் தடுத்துவிடும். காப்காம் டிரைவர் முதலில் அந்த அலாரத்தை அணைத்தது. சீட்டில் சொன்னதைச் செய்தது. பிறகு பொறுப்பாக அலாரத்தை மறுபடி போட்டது. திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்டு, அவன் போனதும் தாழ்ப்பாள் போடுகிற நாகரிகம்.

கூச்சல் கிளம்பியதும் காப்காம் அப்டேட்டை வாபஸ் வாங்கிக்கொண்டது. ஆனால் இந்த ஜாதி டிரைவர்களுக்கு மறுபிறவி உண்டு, சார். முறையான டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறதே! 2022-ல் 'கென்ஷின் இம்பாக்ட்' விளையாட்டின் கள்ளாட்டத் தடுப்பு டிரைவரை மட்டும் கையோடு கொண்டுவந்து, அதை வைத்தே ஆன்டிவைரஸைத் தீர்த்துக்கட்டியது ஒரு ரான்சம்வேர் கும்பல். அந்த மெஷினில் விளையாட்டு இருக்கவேண்டும் என்று அவசியமே இல்லை.

விளையாட்டுப் பசங்க சமாசாரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். டெல் கம்ப்யூட்டர்களில் 2009-லிருந்து வந்த ஒரு டிரைவரிலும் ஓட்டை. வெளியே தெரிந்தது 2021 மே மாதம். பன்னிரண்டு வருஷம்! அதில் எத்தனை ஆபீஸ் மேஜைகளோ.

இப்போது விண்டோஸ் 11-ல் இப்படிப்பட்ட டிரைவர்களுக்கு ஒரு கறுப்புப் பட்டியல் இருக்கிறது. 2022 அப்டேட்டிலிருந்து தானாகவே ஆன் ஆகிவிடுகிறது. உங்கள் மெஷினில் யாராவது அணைத்து வைத்திருக்கிறார்களா என்று ஆபீஸ் சிஸ்டம்ஸ் பையனிடம் கேட்டுப் பாருங்கள். "எந்த டிரைவர் சார், வேன் டிரைவரா?" என்றால்தான் கவலைப்படவேண்டும்.