பால் கணக்கு இருக்கு, தண்ணிக் கணக்கு எங்கே?

எங்க வீட்டு சமையலறை காலண்டர்ல அம்மா தினமும் பேனாவால குறிச்சு வைப்பாங்க: பால் பாக்கெட் எத்தனை, தண்ணி கேன் எத்தனை. மாசக் கடைசியில ஒரு கேன் இடிச்சாலும் கேன் போடற தம்பிக்கு விசாரணை கமிஷன்தான். அம்மா என்னை மாதிரி பி.காம் எல்லாம் படிக்கல.

சரி, மேட்டருக்கு வர்றேன். 1978ல ஆரம்பிச்ச சென்னைக் குடிநீர் வாரியம், அதான் நம்ம மெட்ரோ வாட்டர், கொடுக்கிற வீட்டு இணைப்புகள்ல பெரும்பாலானதுக்கு மீட்டரே கிடையாது. ரெண்டு குடம் பிடிச்சாலும், சம்ப் நிறைய ஏத்தி காரைக் குளிப்பாட்டினாலும் மாசக் கட்டணம் ஒண்ணுதான். வீடுகளுக்கு எவ்வளவு போச்சுன்னு அளக்காதப்போ, வழியில எவ்வளவு ஒழுகிச்சுன்னு எப்படித் தெரியும்? ஸ்டாக் ரிஜிஸ்டர் இல்லாம மளிகைக்கடை நடத்துற கதை இது.

தட்டுப்பாடு வந்தா கணக்கு பார்க்கறதில்ல, புதுசா கொண்டு வர்றோம். 2004ல வீராணம். 2010ல மீஞ்சூர், 2013ல நெம்மேலின்னு தினம் 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்குற ஆலைகள். 2019 கோடையில பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் காய்ஞ்சப்போ ஜோலார்பேட்டையிலிருந்து ரயில்ல தண்ணி. 2024ல நெம்மேலியில இன்னொரு 15 கோடி லிட்டர் ஆலை.

இதெல்லாம் வேண்டாம்னு சொல்லல. 2011ல மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டர்லேருந்து 426 ஆச்சு, தண்ணி வேணும்தான். ஆனா அவ்வளவு கரண்ட் செலவழிச்சு உப்பை எடுத்த தண்ணியை, அளக்காம குழாயில விடறது என்ன நியாயம்?

"மீட்டர் வச்சா ஏழைங்க பாவம் இல்லையா?"ன்னு உடனே கேப்பீங்க. இப்ப மட்டும் என்ன வாழுதாம்? குழாய் இல்லாத வீடுதான் தனியார் லாரிக்குக் காசு அழுது. குடத்தோட தெருமுனையில நிக்கறதும் ஏழைதான். 2016ல தமிழ்நாட்டுல வீட்டு மின்சாரத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம்னு ஆக்கினாங்க. அதுக்காக மீட்டரைக் கழட்டிட்டாங்களா? தண்ணியிலயும் ஒரு குடும்பத்துக்குத் தேவையானது இலவசம், அதுக்கு மேல அளந்து காசுன்னு வைங்க.

மீட்டர் கூடாதுங்கறவங்க, அளக்காம எப்படிக் கணக்கு பார்க்கறதுன்னு சொல்லுங்க. கேட்டுக்கறேன்.