கொம்பும் ளகரமும்

பழைய நூலை மின்னாக்கம் செய்யும்போது மெய்ப்பர் திரையில் தெரியும் எழுத்தைப் பக்கப் படத்தோடு ஒப்பிடுகிறார். அச்சகத்துக்கு அது போதும். தேடுவதற்கென்று உருவாக்கும் பாடத்துக்குப் போதாது. ‘பௌத்தம்’ என்பதன் முதலெழுத்தை இரண்டு வழிகளில் தட்டலாம். பகரத்தோடு ஔகாரக் குறியைச் சேர்ப்பது முறையான வழி. பகரத்துக்கு ஒற்றைக்கொம்பு போட்டு, பக்கத்தில் ளகரத்தை வைப்பது குறுக்கு வழி. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும் என்பதால், மூன்றாம் மெய்ப்பிலும் இது அகப்படாது. கணினிக்கோ அவை இரு வேறு சொற்கள். முறையாகத் தட்டித் தேடும் ஆய்வாளருக்குக் குறுக்கு வழிப் பக்கங்கள் கிடைப்பதில்லை. அப்படிச் சில பக்கங்கள் விடுபட்டன என்ற ஐயம்கூட அவருக்கு எழாது. அந்த நூலாசிரியர் பௌத்தத்தைப் பேசவே இல்லை என்று அவர் எழுதிவிட்டால், அந்தப் பிழைக்கு நாமே பொறுப்பு. ஆகவே மெய்ப்பு என்பது உருவத்தோடு நிற்காமல் குறியீட்டையும் பார்த்தாக வேண்டும் என்கிறோம்.

ஒருங்குறியில் இதற்கெல்லாம் இயல்பாக்கம் இருக்கிறதே என்று நிரலாளர்கள் கேட்கலாம். இருக்கிறது, பாதி வேலைக்கு. ‘கொ’ என்பதை ஒரே ஒகரக் குறியாலும் எழுதலாம்; கொம்பும் காலும் தனித்தனியாக இட்டும் எழுதலாம். இவ்விரண்டையும் ஒன்றாக்க ஒரு வரி நிரல் போதும். அதைச் செய்யாமல் எந்தத் தொகுப்பையும் வெளியிடக் கூடாது. ஆனால் ளகரம் முழு எழுத்து. அது ஔகாரக் குறியின் வேடத்தில் நிற்பது இயல்பாக்கத்துக்குத் தெரியாது. ‘ஔவை’ பல கோப்புகளில் ‘ஒளவை’யாகக் கிடப்பதும் இதனால்தான். ஸ்ரீயின் கதை இன்னும் சிக்கல். ஶகரம் ஒருங்குறியில் 2005இல்தான் சேர்ந்தது. அதற்கு முன் ஸகரத்தை வைத்து எழுதிய ஸ்ரீயும், பின்னர் ஶகரத்தை வைத்து எழுதிய ஸ்ரீயும் பார்வைக்கு ஒன்றாக இருந்துகொண்டே தேடலில் பிரிந்துவிடுகின்றன. தமிழ் எண்கள் தனிப் படலம்: ௧ என்ற எண்ணுக்குக் ககரமும், ௨ என்ற எண்ணுக்கு உகரமும், ௭ என்ற எண்ணுக்கு எகரமும் தட்டப்பட்ட பக்க எண்களை எந்தப் பொறியும் எண்ணாக வாசிக்காது. எழுத்துணரிகளும் இதே இடங்களில்தான் சறுக்குகின்றன.

பழைய கோப்புகளில் நிலைமை இன்னும் மோசம். திஸ்கி என்ற பழைய குறியேற்றத்தில் கொம்பு, கண் பார்க்கும் வரிசைப்படி மெய்க்கு முன்னால் சேமிக்கப்பட்டது. ஒருங்குறியில் அது மெய்க்குப் பின்னால் வரும். பாமினி போன்ற எழுத்துருக்களோ ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. தமிழ்நாடு அரசு 1999இல் தாப், தாம் குறியேற்றங்களை ஏற்று, 2010இல் ஒருங்குறிக்கு வந்தது. இந்த ஒவ்வொரு மாற்றத்திலும் கோப்புகள் மாற்றிகள் வழியாகக் கடந்து வந்திருக்கின்றன. எல்லா மாற்றியும் நல்ல மாற்றி அல்ல.

மூலத்தில் கை வைக்கலாமா என்பது மதிக்க வேண்டிய மறுப்பு. வைக்கக் கூடாது என்பதே நம் கட்சியும். ஆனால் எது மூலம்? சொல்லின் எழுத்துக்கூட்டல் ஆசிரியருடையது. அவர் ‘உபந்நியாசம்’ என்று எழுதியிருந்தால் அப்படியே இருக்கட்டும். குறியீடு அவருடையது அல்ல. ஈய எழுத்தைக் கோத்தவருக்கு ஔகாரக் குறியின் எண் ஏது? அது நாம் தட்டியது. அதை நாமே திருத்தலாம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை வடிவங்கள் ஒருங்குறிப் பாடத்தில் எப்படியும் தங்குவதில்லை. அவற்றுக்குச் சான்று பக்கப் படம் மட்டுமே என்பதால், பாடம் தயாரானதும் உயர்தரப் படங்களை அழித்து இடம் மிச்சம் பிடிப்பதை ஏற்க முடியாது.

செயற்கை அறிவு எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்பது இன்றைய வாதம். அது திருத்தும்போது ‘உபந்நியாசம்’ ‘உபன்யாசம்’ ஆகிவிடக்கூடும், யாருக்கும் தெரியாமல். அசட்டுப் பிழை கண்ணில் படும். நாகரிகமான திருத்தம் படாது. பரிந்துரை தர அதை வைத்துக்கொள்ளலாம், முடிவெடுக்க வேண்டாம்.

ஆளும் பணமும் இல்லாத குழுக்களும் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. தொகுப்பு முழுவதிலும் எந்தக் குறியீடு எத்தனை முறை வருகிறது என்று ஒரு சிறு நிரலால் எண்ணிப் பட்டியலிடுங்கள். ஒருங்குறியின் அடிப்படைத் தமிழ்ப் பகுதியில் இருப்பவை 72 குறியீடுகள்தாம். அவற்றோடு எண்கள், நிறுத்தக்குறிகள் கொஞ்சம். பட்டியலின் வால்பகுதியில், ஒன்றிரண்டு முறை மட்டும் வந்தவற்றில், கண்ணுக்குத் தெரியாத இடைவெளிக் குறிகளும் மாற்றி விட்டுச்சென்ற எச்சங்களும் அகப்படும். கொம்புக்குப் பின் ளகரம் வரும் இடங்களைத் தனியே எடுத்துக் கண்ணால் பாருங்கள்; ‘வெள்ளம்’, ‘கெளுத்தி’ போன்ற நேர்மையான சொற்களும் அங்கே நிற்கும் என்பதால் ஒட்டுமொத்தமாக மாற்றிவிடாதீர்கள். அடுத்த தொகுப்பை வெளியிடும்போது அந்தப் பட்டியலையும் நூற்பட்டியலோடு சேர்த்து வெளியிடுமாறு மின்னாக்கக் குழுக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.