நாற்பது நிமிஷ வெளிச்சமும் ஒரு கள்ள நோட்டும்

முதல்ல ஒரு வாக்குமூலம். 2024 நவம்பர்ல, எடிசன்ல எங்க வீட்டுப் பின்பக்கம், ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு, குதிரைத்தலை நெபுலாவை நாற்பது நிமிஷம் படம் எடுத்தேன். எடிசன் வானம் எப்படி இருக்கும்னு இங்க இருக்கிறவங்களுக்குத் தெரியும். ராத்திரி பன்னெண்டு மணிக்கும் வெளிறிப்போன ஆரஞ்சு கலர். படத்துல குதிரையும் இல்ல, தலையும் இல்ல, புகை மாதிரி ஏதோ ஒரு அழுக்கு. அதை ஒரு ஏஐ மென்பொருள்கிட்ட கொடுத்தேன். ரெண்டு நிமிஷத்துல குதிரை பிடரியைச் சிலுப்பிக்கிட்டு வந்து நின்னுது. குடும்ப வாட்ஸப் குரூப்ல போட்டேன். குடிபாலாவிலிருந்து சித்தப்பா முதக்கொண்டு முப்பது கைதட்டல்.

எட்டாவது படிக்கிற என் பொண்ணு மட்டும் கைதட்டல. பெரிய அப்சர்வேட்டரி எடுத்த படத்தைப் பக்கத்துல திறந்து வெச்சுக்கிட்டு, "அப்பா, நம்ம படத்துல இருக்கிற இந்தச் சுருள் இதுல இல்லையே, இது எங்கேர்ந்து வந்தது?" அப்படின்னா. என்கிட்ட பதில் இல்ல. அது எங்கேர்ந்தும் வரல. நாற்பது நிமிஷ வெளிச்சத்தோட நான் அடிச்ச கள்ள நோட்டு அது.

அதே மாசம் தேங்க்ஸ்கிவிங் பாட்லக்ல ஒரு நண்பர் கேட்டார்: "ஹபிள்ல எல்லாம் எடுத்துட்டாங்களே சார், நீங்க எதுக்கு ராத்திரி முழிச்சு மெனக்கெடணும்? இதனால காலேஜ் அட்மிஷனுக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா?" நல்ல மனுஷர், சாம்பார் சாதமும் நல்லா கொண்டு வந்திருந்தார். ஆனா அந்தக் கேள்விதான் என்னைத் தூங்க விடல. அந்த மனசுதான் என்னையும் ரெண்டு நிமிஷத்துல குதிரை செய்ய வெச்சுது.

நெபுலாங்கிறது ரொம்ப மங்கலான சரக்கு. அதிலிருந்து வர்ற ஒளி சில்லறை மாதிரி, ஒண்ணு ஒண்ணாத்தான் உண்டியல்ல விழும். நடுவுல வானத்தோட வெளிச்சம், கேமராவோட சூடு எல்லாம் சேர்ந்து இரைச்சல் போடும். நேரத்தை நாலு மடங்கு ஆக்கினாத்தான் படத்தோட தெளிவு ரெண்டு மடங்கு ஆகும். நாலு மடங்கு தெளிவு வேணும்னா பதினாறு மடங்கு நேரம். ஒரு மணி நேரம் போதலைன்னா இன்னொரு மணி நேரம் உட்கார்ந்தா சரியாயிடும்னு நினைக்காதீங்க, சரியாகாது. அந்தக் கணக்குல பேரமே கிடையாது. மென்பொருள் இரைச்சலைக் கொஞ்சம் துடைக்கலாம், அதுல எனக்குச் சண்டை இல்ல. விழாத காசை விழுந்த மாதிரி காட்டுறதோடதான் சண்டை.

இதைத் தொடங்கி வெச்சவரும் வானியலைச் சோத்துக்குப் பார்த்தவர் இல்ல. ஹென்றி டிரேப்பர், நியூயார்க் டாக்டர். எங்க ஊர்லேர்ந்து ஒரு மணி நேரம் கார்ல போனா வர்ற ஹேஸ்டிங்ஸ்-ஆன்-ஹட்சன்ல, 1880 செப்டம்பர் 30 அன்னைக்கு ஓரியன் நெபுலாவை 51 நிமிஷம் எடுத்தார். உலகத்துல முதல் நெபுலா போட்டோ அதுதான். அதோட பேப்பர்ல பேர் வந்தாச்சுன்னு மனுஷன் ஓய்ஞ்சாரா? 1882 மார்ச்ல அதே நெபுலாவை 137 நிமிஷம் எடுத்தார். அந்த வருஷமே நவம்பர்ல இறந்தும் போனார்.

ஹபிள் வாதத்துக்கு வருவோம். ஹபிள் ஊசிக்காது வழியா பார்க்கிற மாதிரி வானத்துல ரொம்பச் சின்ன துண்டைத்தான் பார்க்கும். ஆண்ட்ரோமெடா காலக்ஸியை 1888லயே ஐசக் ராபர்ட்ஸ்ங்கிற கட்டட கான்ட்ராக்டர் போட்டோ எடுத்தாச்சு. அதுக்கப்புறம் எத்தனை லட்சம் பேர் எடுத்திருப்பாங்க! ஆனா அதன் பக்கத்துலயே, முழு நிலாவைப் போல மூணு மடங்கு நீளத்துக்கு ஒரு ஆக்ஸிஜன் வில் இருக்குன்னு 2022லதான் தெரிஞ்சுது. கண்டுபிடிச்சவங்க டிரெக்ஸ்லர், ஸ்ட்ராட்னர், செயின்டின்னு ஐரோப்பாவைச் சேர்ந்த மூணு அமெச்சூர்கள். அவங்க படத்துல இருந்தது நூறு மணி நேரத்தைத் தாண்டின வெளிச்சம். 'எல்லாம் எடுத்தாச்சு'ன்னு அவங்களும் பாட்லக்குக்குப் போயிருந்தா அந்த வில் இன்னும் அங்கேயே சும்மா கிடந்திருக்கும். ஏஐகிட்ட கேட்டிருந்தா அதை இரைச்சல்னு துடைச்சே போட்டிருக்கும்! அது இதுவரைக்கும் பார்த்ததைத்தானே வரையும்.

பொறுமைன்னா என்னன்னு நமக்கா தெரியாதுன்னு கேப்பீங்க. கிரீன் கார்டு வரிசையில நிக்கிறவன்கிட்ட பொறுமை பத்திப் பேசுறியான்னு தங்கமணியே கேட்டாச்சு. மாசா மாசம் விசா புல்லட்டினைத் திறந்து பார்த்து மூடுறது ஒரு பொறுமைதான், ஒத்துக்கறேன். ஆனா அங்க நான் செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல. நெபுலாவுக்குக் காத்திருக்கிறது அப்படி இல்ல. லென்ஸ்ல பனி படிஞ்சிருக்கான்னு பார்க்கணும், ஃபோகஸ் நகர்ந்திருக்கான்னு பார்க்கணும், பூமி சுத்துற வேகத்துக்குக் கேமராவைத் திருப்பணும். 'பொறுத்தார் பூமி ஆள்வார்'னு சொல்லியே நம்மைச் சும்மா உட்கார வெச்ச பெரியவங்க பொறுமை வேற, இது வேற.

2024 டிசம்பர் கடைசியில ஊருக்குப் போனோம். குடிபாலா சித்தூர்லேர்ந்து வேலூர் போற ரோட்டுல இருக்கு. வீட்டுல தமிழ், தெருவுல தெலுங்கு. (கொசுவத்தி சுத்த மாட்டேன், பயப்படாதீங்க :-)) டிசம்பர் 30 அமாவாசை. கரீனா நெபுலாவை எடுக்கணும்னு என் திட்டம். எடிசன்லேர்ந்து அதை எந்த ஜென்மத்துலயும் பார்க்க முடியாது, அடிவானத்துக்கு மேல வரவே வராது. குடிபாலாவுல விடியற்காலை நாலரை மணிக்குத் தெற்கே பதினேழு டிகிரி உயரத்துல நிக்கும். நான் பிறந்த வீட்டு மாடிக்கு மேல தினமும் வந்து போயிருக்கு, இருவத்தஞ்சு வருஷம் எனக்குத் தெரியல.

தெரிஞ்சவர் ஒருத்தர் இருந்தார். வைணு பாப்பு. வேலூருக்குத் தெற்கே, ஜவ்வாது மலையில காவலூரை அவர் தேர்ந்தெடுத்ததுக்கு, பூமத்திய ரேகைக்குப் பக்கம்ங்கிறதால தெற்கு வானமும் கிடைக்கும்ங்கிறது ஒரு முக்கியக் காரணம். 1949ல ஹார்வர்டுல மாணவரா இருந்தப்ப போட்டோ தகட்டுல வால் நட்சத்திரம் கண்டுபிடிச்சவர், திரும்பி வந்து 1968ல 38 செ.மீ. தொலைநோக்கியோட காவலூரைத் தொடங்கினார். 2.34 மீட்டர் தொலைநோக்கியை வெளிநாட்டுல வாங்காம இங்கேயே செய்யணும்னு நின்னார். 1982ல அவர் இறந்தப்ப அது முடியல. 1986 ஜனவரி 6ல அவர் பேரோடயே திறந்தாங்க. இன்ஸ்டன்ட் பார்ட்டிகள் ஒரு நடை ஆலங்காயம் வழியா போய்ப் பார்த்துட்டு வரலாம்.

நம்ம கதை அவ்வளவு கம்பீரமா இல்ல. முதல் ராத்திரி துருவ நட்சத்திரத்தைப் பிடிக்கணும். குடிபாலாவுல அது பதிமூணு டிகிரி உயரம்தான், சரியா மாமரத்துக்குப் பின்னாடி. உத்தேசமா வெச்சேன். நட்சத்திரம் எல்லாம் கோடு கோடா வந்துது, மொத்தமும் குப்பை. ரெண்டாவது ராத்திரி மூடுபனி. பக்கத்து வீட்டுத் தாத்தா மாடியில நிழல் தெரியுதேன்னு "எவரது?"ன்னு டார்ச் அடிச்சார். அம்மா கீழேர்ந்து, "ஏண்டா, அங்க பனி போதாதுன்னு இங்க வந்து பனியில நிக்கிறியா, பொண்ணை வேற நிக்க வெச்சிருக்கே"ன்னு திட்டினாங்க. மூணாவது நாள் மாடியோட இன்னொரு மூலைக்குப் போனோம், மரத்தைத் தாண்டித் துருவ நட்சத்திரம் கிடைச்சுது. முப்பது முப்பது செகண்டா நூத்தி நாற்பது படம். நாலாவது நாள் மேகம், நாற்பதோட சரி. அஞ்சாவது நாள் கோவில் ஸ்பீக்கர் போட்ட பாட்டோட நூத்தி இருபது. மொத்தம் முன்னூறு, அதாவது ரெண்டரை மணி நேரம்.

கரீனா நிக்கிற தெற்குத் திசையிலதான் வேலூரோட வெளிச்சமும் வானத்துல ஏறி நிக்குது. அதனால ரெண்டரை மணி நேரம் பத்தாது. படம் சுமாராத்தான் வந்துது. சிவப்பா ஒரு படலம், நடுவுல கருப்பா ஒரு பிளவு, ஓரமெல்லாம் பொறிப்பொறியா இரைச்சல். ஏஐகிட்ட கொடுக்கல. கொடுக்கவும் பொண்ணு விட மாட்டா.

வாட்ஸப் குரூப்ல போட்டேன். மூணே மூணு கைதட்டல், அதுல ஒண்ணு தங்கமணி. சித்தப்பா, "போன தடவை குதிரை நல்லா இருந்துதேப்பா, இதுல ஏன் மங்கலா இருக்கு?"ன்னு கேட்டார். குதிரை பொய்ன்னு அன்னைக்குத்தான் அவர்கிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பதிலே இல்ல. அப்புறம், "அப்ப இது நம்ம மாடியிலேர்ந்து நிஜமாவே தெரியுதா? எத்தனை மணிக்கு?"ன்னு கேட்டார்.

முன்னூறு படமும் ஹார்ட் டிஸ்க்ல இருக்கு. அதே கேமரா, அதே லென்ஸ்ல எடுத்தா அடுத்த தடவை எடுக்கிறதையும் இதோட சேர்த்துக்கலாம். தெளிவு ரெண்டு மடங்கு ஆக மொத்தம் பத்து மணி நேரம் வேணும், இன்னும் ஏழரை பாக்கி. டிஸ்க் மேல பொண்ணு ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வெச்சிருக்கா: 'கரீனா, குடிபாலா, 2.5 / 10'.