கர்ப்பவதியும் பேதி மருந்தும்

யாழ்ப்பாணத்து இல்லங்களிலே பேதிக்குக் குடிப்பது நெடுங்கால வழக்கம். பள்ளிக்கூட விடுமுறை வந்ததும் பிள்ளைகளை வரிசையாக இருத்தி ஆமணக்கெண்ணெய் பருக்கிய நாள்களை நம்மிற் பலர் மறந்திருக்கமாட்டோம். வயிறு சுத்தமானால் நோய் அணுகாதென்பது மூத்தோர் நம்பிக்கை. அந்நம்பிக்கை கருவுற்ற பெண்ணிடத்துச் செல்லும்போதுதான் நமக்கு அச்சம் உண்டாகின்றது.

அண்மையில் நம்மிடம் கற்ற மாணவியொருத்தியின் வீட்டுக்குச் சென்றிருந்தோம். அவள் ஐந்து மாதக் கர்ப்பவதி. நான்கு நாள்களாக மலங் கழியவில்லை. வெட்கத்தினால் கிளினிக்கிலும் அவள் கூறவில்லை. மாமியார் அன்போடு ஆமணக்கெண்ணெய்ப் போத்தலை எடுத்தார். அங்கிருந்த முதிய பரியாரியார், "வேண்டாம் பிள்ளை, அது குடலோடு நில்லாது, கருப்பையையும் கிளறும்" என்று தடுத்தார்.

"பழைய வைத்தியந்தானே ஐயா?" என்றார் மாமியார்.

அக்கேள்விக்கு விடை பழைய நூல்களிலேயே உண்டு. சரகர் கர்ப்பவதியை எண்ணெய் நிறைந்த பாத்திரத்துக்கு ஒப்பிடுகின்றார். சிறிது அசைந்தாலும் சிந்திவிடும் என்பது கருத்து. வேறிடத்தில் வெகுவாகப் புகழப்படும் கடுக்காயைக்கூட அவளுக்கு விலக்குகின்றது பாவப்பிரகாசம். எட்டாம் மாதத்திற் பழைய மலத்தை நீக்கச் சுசுருதர் வஸ்தி கூறினாரெனினும், அது வைத்தியர் கைக்குரியது, வீட்டிற் செய்யத்தக்கதன்று.

இத்தொல்லை ஏன் வருகின்றது? கர்ப்பகாலத்திற் பெருகும் சுரப்புநீர் குடலின் தசைகளைத் தளர்த்துகின்றது. வளருங் கருப்பையும் குடலை அழுத்துகின்றது. இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் இறுகலாம். அதற்காக அம்மாத்திரையைத் தாமாக நிறுத்துதல் தவறு. வைத்தியரிடம் கூறினால் அவர் ஏற்றவாறு மாற்றித் தருவார்.

ஆயுர்வேதம் முதலில் நாடுவது உணவையே. இளஞ்சூடான பாலிற் சிறிது நெய், இரவில் நீரிலே ஊறவைத்த உலர்ந்த கொடிமுந்திரிகை, கனிந்த வாழைப்பழம் ஆகியன மலத்தை இளக்குவன. தவிடு நீக்காத சிவப்பரிசிச் சோறும் முருங்கையிலை வறையும் நம் முற்றத்து மருந்துகள். இவற்றோடு போதிய நீர் அருந்துதலும், மாலையில் மெல்ல உலாவுதலும், மலவேகத்தை அடக்காமையும் வேண்டும். நீரிழிவுள்ளவர் பழத்தின் அளவை வைத்தியரிடம் கேட்டறிதல் நன்று.

இவற்றாலும் தீராவிடிற் பேதி மருந்தைத் தேடாது, கிளினிக்கிற் சொல்லுங்கள். சித்த வைத்தியமே விருப்பமாயின், பட்டம் பெற்ற வைத்தியரைக் காணுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமே அப்படிப்பை நடத்துகின்றது. கடும் வயிற்றுவலி, இரத்தப்போக்கு, ஓயாத வாந்தி ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

நம் மாணவி மறுநாளே கிளினிக்கிற் கூறினாள். ஒரு வாரத்திற் சுகமும் கண்டாள். வெட்கப்படுபவள் தானாகச் சொல்லாள். ஆகவே மாமிமாரே, கணவன்மாரே, போத்தலை எடுக்குமுன் அவளை ஒரு வார்த்தை கேளுங்கள்.